முகம் தெரியாத குரலும் நமது சேமிப்பும்

(தோட்ட மக்களிடையே தகவல் அதிகாரி ஒருவர் ஆற்றிய உரை)



ஒரு காலத்தில் தோட்டம் முழுமைக்கும் ஒரே ஒரு தொலைபேசிதான் இருந்தது. அது அலுவலகத்தில் கிராணியாரின் மேசைமீது இருந்தது. வெளியூரில் உறவினருக்கு உடல்நலம் குன்றினாலும், மருத்துவமனையில் பேரப்பிள்ளை பிறந்தாலும், செய்தி முதலில் அங்கேதான் வந்து சேரும். பிறகு யாரேனும் ஒருவர் லயத்துக்கு வந்து வாசலில் நின்று சொல்லுவார். செய்தி தாமதமாக வந்தது என்பது உண்மையே. எனினும் அதைக் கொண்டுவந்தவர் யார் என்பதில் எவருக்கும் ஐயம் இருந்ததில்லை.

இன்று நம் ஒவ்வொருவரிடமும் கைத்தொலைபேசி இருக்கிறது. மரத்தடியில் நின்றுகொண்டே பட்டணத்தில் வேலை செய்யும் மகளின் குரலைக் கேட்கிறோம். சம்பளம் வங்கிக் கணக்கில் சேர்ந்துவிட்டதா என்பதனை அதிலேயே பார்த்துக்கொள்கிறோம். இவ்வசதிகளை நாம் வரவேற்கவே வேண்டும். ஆனால் அதே கருவியின் வழியாக, நாம் ஒருபோதும் கண்டிராத மனிதர்களும் நம் வீட்டுக்குள் நுழைந்துவிடுகின்றனர். அவர்களுள் சிலர் நம் சேமிப்பைக் கவர்ந்து செல்வதையே தொழிலாகக் கொண்டவர்கள். அவர்களை எவ்வாறு அடையாளம் காண்பது, அவர்களிடமிருந்து எவ்வாறு தப்புவது என்பதே இன்றைய என் பேச்சின் பொருளாகும்.

எதனை இழக்க நேரிடும் என்பதனை முதலில் எண்ணிப் பார்ப்போம். நாம் பெறும் சம்பளத்தில் ஒவ்வொரு 100 வெள்ளிக்கும் 11 வெள்ளி நம் பங்காக ஊழியர் சேமநிதிக்குச் செல்கிறது. மாதச் சம்பளம் 5,000 வெள்ளிக்கு மேற்படாத தொழிலாளிக்கு முதலாளி தம் பங்காக 13 வெள்ளி செலுத்துகிறார். 2025-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் நடப்புக்கு வந்த 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளத்திற்கு இதனைக் கணக்கிட்டால், மாதம் ஏறக்குறைய 408 வெள்ளி சேர்கிறது. விடியலுக்கு முன்பே எழுந்து, மழையையும் கொசுக்கடியையும் பொறுத்து, முப்பது ஆண்டுகள் உழைத்துச் சேர்த்த அந்தத் தொகை, அரைமணி நேரத் தொலைபேசிப் பேச்சில் மறைந்துபோகக் கூடுமானால், அதைவிடக் கொடுமை வேறென்ன இருக்க முடியும்?

எண்ணைப் பார்த்து நம்பலாமா?

"அழைத்தவருடைய எண் திரையில் தெரிகிறதே, அதைப் பார்த்துக் கண்டுகொள்ளலாமே" என்று சிலர் கேட்பதுண்டு. இது நியாயமான கேள்விதான். ஆனால் திரையில் தோன்றும் எண்ணை மாற்றிக் காட்டும் தந்திரம் இன்று மோசடிக்காரர்களின் கையில் இருக்கிறது. இணையத்தின் வழியாகப் பேசும்போது, அழைப்பவர் தமக்கு வேண்டிய எண்ணைத் திரையில் தோன்றுமாறு செய்துவிட முடியும். வெளிநாட்டில் உட்கார்ந்துகொண்டு, கோலாலம்பூரில் உள்ள காவல் நிலையத்தின் எண்ணையே காட்டவும் கூடும். வாட்ஸ்அப்பில் காவல் துறையின் சின்னத்தைப் படமாக வைத்துக்கொள்வதும் எவருக்கும் எளிது.

அழைப்பவரின் பெயரைக் காட்டும் ட்ரூகாலர் போன்ற செயலிகளும் உள்ளன. அவை ஓரளவிற்குப் பயன்படும் என்பதை மறுப்பதற்கில்லை. ஓர் எண்ணைப் பற்றிப் பலர் முன்னரே புகார் செய்திருந்தால், அச்செயலி நம்மை எச்சரிக்கும். ஆயினும் அதில் தோன்றும் பெயர், பெரும்பாலும் மற்றவர்கள் அந்த எண்ணுக்குக் கொடுத்த பெயரேயன்றி, அரசாங்கம் சோதித்துக் கொடுத்த சான்று அன்று. எச்சரிக்கை வந்தால் விலகிக்கொள்ளுங்கள். எச்சரிக்கை வரவில்லை என்பதனாலேயே அழைத்தவர் நல்லவர் என்று முடிவு செய்துவிடாதீர்கள்.

பால் நிறுக்கும் இடத்தில் நடப்பதை நினைத்துப் பாருங்கள். வாளியில் உள்ள பால் வெண்மையாகத்தான் இருக்கிறது. தண்ணீர் கலந்த பாலும் வெண்மையாகத்தான் இருக்கிறது. கண்ணால் பார்த்து இதில் இவ்வளவு ரப்பர் உண்டு என்று எவராவது சொல்லிவிட முடியுமா? மெட்ரோலாக் கருவியை மிதக்கவிட்டுப் பார்த்த பிறகுதானே எழுதுகிறார்கள்! திரையில் தோன்றும் எண் பாலின் வெண்மையைப் போன்றது. அதனைச் சோதிப்பதற்கு வேறொரு கருவி வேண்டும். அக்கருவி நம் ஒவ்வொருவரிடமும் இருக்கிறது. அதனைப் பற்றிப் பிறகு கூறுவேன்.

பயமுறுத்தும் குரல்

நம் நாட்டில் "மக்காவ் மோசடி" என்று பெயர் பெற்றுவிட்ட சூழ்ச்சி எப்படி நடைபெறுகிறது என்பதனை முதலில் விளக்குகிறேன். தோட்டத்தில் வேலை செய்து ஓய்வுபெற்ற ஒரு தாயாருக்கு, 55 வயதுக்குப் பிறகு எடுத்த சேமநிதிப் பணம் வங்கியில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒருநாள் காலையில் தொலைபேசி ஒலிக்கிறது. "உங்கள் அடையாளக் கார்டு எண்ணில் ஒரு பொட்டலம் வந்திருக்கிறது. அதில் தடை செய்யப்பட்ட பொருள் இருக்கிறது" என்று மலாய் மொழியில் ஒரு பெண் கூறுகிறாள். அந்த அம்மையார் திடுக்கிட்டு மறுக்கிறார். "அப்படியானால் உங்கள் பெயரை யாரோ தவறாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். போலீசில் சொல்லிவிடுங்கள், நானே இணைப்புக் கொடுக்கிறேன்" என்கிறாள் அவள், உதவி செய்பவளைப் போல.

அடுத்து வருபவன் தன்னை இன்ஸ்பெக்டர் என்று கூறிக்கொள்கிறான். அவன் குரல் கடுமையாக இருக்கிறது. கைது ஆணை தயாராக இருப்பதாக அதட்டுகிறான். வழக்கு இரகசியமானது என்றும், கணவரிடமோ பிள்ளைகளிடமோ சொன்னால் அவர்களும் சிறைக்குச் செல்ல நேரிடும் என்றும் மிரட்டுகிறான். மூன்றாவதாக, பேங்க் நெகாரா அதிகாரி என்று ஒருவன் வருகிறான். இவன் மிகவும் அன்பாகப் பேசுகிறான். விசாரணை முடியும் வரையில் பணத்தைப் "பாதுகாப்பான கணக்கு" ஒன்றிற்கு மாற்றிவிடுமாறு ஆலோசனை கூறுகிறான். அல்லது வங்கி அட்டையின் எண்ணையும், தொலைபேசிக்கு வரும் டி.ஏ.சி. என்னும் இரகசிய எண்ணையும் கேட்டு வாங்கிக்கொள்கிறான். அத்துடன் எல்லாம் முடிந்துவிடுகிறது. மூன்று குரல்கள் பேசினாலும் அவை ஒரே கூட்டத்தைச் சேர்ந்தவையே.

தோட்ட மக்களாகிய நமக்கு இதில் ஒரு தனி ஆபத்து இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக, அதிகாரக் குரலைக் கேட்டவுடன் எழுந்து நின்று பழகியவர்கள் நாம். துரை அழைத்தாலும், கிராணியார் அழைத்தாலும், ஏன் என்று கேளாமல் போய் நின்ற காலம் ஒன்று இருந்தது. மோசடிக்காரன் நம்முடைய பணத்தைப் பறிப்பதற்கு முன்னர், நம்மிடமுள்ள அந்தப் பழைய அச்சத்தைத்தான் பயன்படுத்திக்கொள்கிறான்.

ஆகவே, அரசாங்க ஊழியன் என்ற முறையில் உங்களிடம் ஒன்றைத் தெளிவாகக் கூற விரும்புகிறேன். அரசாங்கத்தின் பெயரைச் சொல்லி வரும் அழைப்பைத் துண்டிப்பது குற்றமன்று; அவமரியாதையும் அன்று. காவல் துறை தொலைபேசியில் வழக்கை விசாரித்து முடிப்பதில்லை. உங்கள் பணத்தை வேறு கணக்கிற்கு மாற்றச் சொல்வதுமில்லை. பேங்க் நெகாரா வங்கிகளை மேற்பார்வையிடும் மத்திய வங்கியாகும்; தனி மனிதர்கள் பணம் போட்டு வைப்பதற்கான சேமிப்புக் கணக்கை அது நடத்துவதில்லை. உண்மையான வங்கி ஊழியர் உங்கள் இரகசிய எண்ணைக் கேட்கமாட்டார். இவற்றுள் ஒன்றைக் கேட்டாலும், பேசுகிறவன் போலி என்று தயங்காமல் முடிவு செய்யலாம்.

உறவு கொண்டாடும் குரல்

எல்லா மோசடியும் மிரட்டலோடு தொடங்குவதில்லை. "அண்ணே, என்னைத் தெரியவில்லையா? குரலைக் கூடவா மறந்துவிட்டீர்கள்?" என்று உரிமையோடு கேட்கும் குரலும் உண்டு. நாம் சற்றே தயங்கி, "யார், கிள்ளானில் இருக்கும் தம்பியா?" என்று கேட்டுவிட்டால், "ஆமாம், அவனேதான்" என்பான். பெயரை அவன் சொல்லவில்லை, நாமே எடுத்துக் கொடுத்தோம் என்பதனைக் கவனியுங்கள். பழைய எண் போய்விட்டது, இந்தப் புதிய எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள் என்பான். இரண்டு நாள் கழித்து, விபத்தில் சிக்கிக்கொண்டதாகவும், அவசரமாக 1,000 வெள்ளி வேண்டும் என்றும் அழைப்பு வரும். பணம் போக வேண்டிய கணக்கோ முன்பின் தெரியாத வேறொருவர் பெயரில் இருக்கும்.

இப்போது கணினியின் துணைகொண்டு, ஒருவர் பேசிய சிறு பகுதியை வைத்தே அவருடைய குரலைப் போன்ற செயற்கைக் குரலை உண்டாக்கிவிடுகிறார்கள். எனவே, குரல் ஒத்திருக்கிறது என்பதும் போதிய சான்று ஆகாது. குடும்பத்திற்குள் ஒரு கேள்வியை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். பாட்டி வளர்த்த ஆட்டின் பெயர், பழைய லயத்தில் நம் வீட்டின் எண், இவை போன்ற ஒன்றாக அது இருக்கட்டும். முகநூலில் எழுதப்படாத விவரமாக இருப்பது அவசியம். பணம் என்ற பேச்சு எழுந்தவுடன் அக்கேள்வியைக் கேளுங்கள். உண்மையான தம்பி சிரித்துக்கொண்டே பதில் கூறுவான். போலித் தம்பி கோபித்துக்கொள்வான்.

ஆசை காட்டும் குரல்

மூன்றாவது வகை, உதவி செய்வதாகச் சொல்லி வருவது. பிள்ளைகளின் பள்ளிச் செலவிற்கோ திருமணச் செலவிற்கோ கடன் தேடுகிறவர்களை இது குறிவைக்கிறது. "10,000 வெள்ளி கடன் உங்களுக்கு அங்கீகரிக்கப்பட்டுவிட்டது. முத்திரைக் கட்டணம் 300 வெள்ளியை மட்டும் முதலில் செலுத்துங்கள்" என்பார்கள். செலுத்தினால், காப்புறுதிக் கட்டணம் 500 வெள்ளி என்பார்கள். கட்டணங்கள் வளர்ந்துகொண்டே போகும். கடன் மட்டும் வந்து சேராது. கடன் வாங்க வந்தவரிடமே முன்பணம் கேட்பவன், கடன் கொடுப்பவன் அல்லன் என்பதனை நினைவில் வையுங்கள்.

சேமநிதிப் பணத்தை விரைவாக எடுத்துத் தருகிறேன், அரசாங்க உதவித்தொகைக்குப் பதிந்து தருகிறேன் என்று வருபவர்களும் இவ்வகையினரே. 2024-ஆம் ஆண்டு மே மாதம் சேமநிதியில் மூன்றாவது கணக்கு ஒன்று தொடங்கப்பட்டது. 55 வயதுக்கு முன்னரே அதிலுள்ள பணத்தை எடுத்துக்கொள்ளலாம் என்பது பலருக்கும் தெரிந்ததே. அதனை எடுப்பதற்கு இடைத்தரகர் எவரும் தேவையில்லை. சேமநிதி அலுவலகத்திற்கு நேரில் செல்லுங்கள்; உங்களுக்கு உதவி செய்வது அங்குள்ள ஊழியர்களின் கடமையாகும்.

வாட்ஸ்அப்பிலோ டெலிகிராமிலோ திருமண அழைப்பிதழ் என்று சொல்லி ஒரு கோப்பு வந்து, அதனை நிறுவச் சொன்னால் தொடவே தொடாதீர்கள். அழைப்பிதழைப் பார்ப்பதற்கு எந்தச் செயலியையும் நிறுவ வேண்டியதில்லை. அவ்வாறு நிறுவப்படும் போலிச் செயலி, வங்கியிலிருந்து நமக்கு வரும் இரகசிய எண்ணை நமக்குத் தெரியாமலேயே மோசடிக்காரனுக்கு அனுப்பிவிடக் கூடும். வீட்டில் சிறு பிள்ளைகள் கைத்தொலைபேசியை எடுத்து விளையாடும்போதும் இதில் கவனம் தேவை.

சோதிக்கும் கருவி

மெட்ரோலாக்கைப் போன்ற கருவி ஒன்று நம்மிடம் இருக்கிறது என்று முன்பு கூறினேன் அல்லவா? அது மிக எளியது. அழைப்பைத் துண்டித்துவிட்டு, நாமே அழைப்பதுதான் அது.

வங்கியிலிருந்து பேசுவதாக ஒருவர் கூறினால், "நல்லது, நானே வங்கிக்கு அழைத்துக் கேட்டுக்கொள்கிறேன்" என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிடுங்கள். உங்கள் வங்கி அட்டையைத் திருப்பிப் பாருங்கள். வங்கியின் தொலைபேசி எண் அதன் பின்புறத்தில் அச்சிடப்பட்டிருக்கும். அந்த எண்ணை ஒவ்வோர் இலக்கமாக நீங்களே அழுத்துங்கள். அவர் கொடுத்த எண்ணிற்கு அழைக்க வேண்டாம். சற்றுமுன் வந்த அழைப்பையே திருப்பி அழைக்கவும் வேண்டாம். காவல் துறை என்றால், அருகிலுள்ள காவல் நிலையத்திற்கு ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு நேரில் செல்லுங்கள். தம்பி என்றால், தம்பியின் பழைய எண்ணிற்கு அழையுங்கள். உண்மையானவர் இதனால் எதையும் இழக்கமாட்டார். பொய்யனுக்கோ இந்த ஐந்து நிமிடமே பகையாகும். "வைக்காதே, வைத்தால் கைது செய்வோம்" என்று அவன் பதறுவதிலேயே அவனுடைய உண்மை உருவம் வெளிப்பட்டுவிடும். பதறாத காரியம் சிதறாது என்று நம் முன்னோர் சொல்லி வைத்ததை இங்கே நினைவுகூர வேண்டும்.

இன்னொரு சோதனையும் உண்டு. பணம் செலுத்தச் சொல்லும் கணக்கு எண்ணையும் தொலைபேசி எண்ணையும், அரச மலேசியக் காவல் படையின் "செமாக் மியூல்" என்னும் இணையப் பக்கத்தில் இட்டுப் பார்க்கலாம். அவற்றின்மீது ஏற்கெனவே புகார்கள் இருந்தால் அது காட்டிவிடும். படித்த பிள்ளைகள் இதனைப் பெற்றோருக்குச் செய்து காட்ட வேண்டும். அதில் அந்த எண் இல்லை என்றாலும், அது புதிய எண்ணாக இருக்கலாம் என்பதனை மறவாதீர்கள்.

தெரியாத வெளிநாட்டு எண்ணிலிருந்து ஒரே ஒருமுறை ஒலித்துவிட்டு நின்றுபோகும் அழைப்புகளும் வருவதுண்டு. ஆவலினால் திருப்பி அழைத்தால் அதிகக் கட்டணம் செலுத்த நேரிடலாம். அவசரமான செய்தியாக இருந்தால், அழைத்தவர் மீண்டும் அழைப்பார் என்று விட்டுவிடுங்கள்.

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை

இளைஞர்களே, இந்தப் பகுதி உங்களுக்குரியது. ஏமாற்றிப் பெறும் பணம் எங்கோ ஒரு வங்கிக் கணக்கில் விழுந்தாக வேண்டும். மோசடிக்காரன் தன் சொந்தக் கணக்கைப் பயன்படுத்துவதில்லை. "உன் வங்கி அட்டையைக் கொடு, மாதம் சில நூறு வெள்ளி தருகிறேன், நீ ஒன்றும் செய்ய வேண்டியதில்லை" என்று வேலையற்ற இளைஞர்களை நாடி வருகிறான். இவ்வாறு இரவல் கொடுக்கப்படும் கணக்கையே "கழுதைக் கணக்கு" என்கிறார்கள். பொதி ஒருவனுடையது, சுமப்பவன் வேறொருவன்.

பணத்தைப் பறிகொடுத்தவர் புகார் செய்யும்போது, காவல் துறையினர் முதலில் வந்து நிற்பது அந்தக் கணக்கின் உரிமையாளர் வீட்டு வாசலில்தான். ஏமாற்றுதல் குற்றத்திற்குத் தண்டனைச் சட்டத் தொகுப்பின் 420-ஆம் பிரிவின்கீழ் ஓராண்டு முதல் பத்தாண்டு வரையில் சிறையும், பிரம்படியும், அபராதமும் விதிக்கப்படலாம். மேலும், கணக்கை இரவல் கொடுப்பவர்களைத் தண்டிப்பதற்கென்றே 2024-ஆம் ஆண்டில் அச்சட்டத்தில் புதிய பிரிவுகள் சேர்க்கப்பட்டன. "எனக்குத் தெரியாது, நண்பன் கேட்டான், கொடுத்தேன்" என்று சொல்லித் தப்பிக்கலாம் என்று எண்ணாதீர்கள். சில நூறு வெள்ளிக்காக உங்கள் பெயரையும் எதிர்காலத்தையும் விற்றுவிடாதீர்கள். உங்கள் கணக்கின் வழியாகப் போகும் பணம், உங்கள் பாட்டியைப் போன்ற ஒரு மூதாட்டியின் சேமநிதியாக இருக்கக் கூடும்.

ஏமாந்துவிட்டால் என்ன செய்வது?

எவ்வளவு கவனமாக இருந்தாலும் சிலர் ஏமாந்துவிடுவதுண்டு. ஏமாறுகிறவர்கள் படிக்காதவர்கள் மட்டுமல்லர். ஆசிரியர்களும், அதிகாரிகளும், வணிகர்களும் பணத்தைப் பறிகொடுத்திருக்கிறார்கள். ஆகவே, வெட்கப்பட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டாம். வெட்கத்தினால் கழியும் ஒவ்வொரு மணி நேரமும் மோசடிக்காரனுக்கே இலாபம். பணம் முதலில் விழுந்த கணக்கிலிருந்து இன்னொன்றிற்கும், அங்கிருந்து வேறொன்றிற்கும் விரைவாக மாறிச் சென்றுவிடும். அது போய்ச் சேருவதற்குள் வழியிலேயே அதனை முடக்க வேண்டும்.

அதற்காகவே 2022-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் தேசிய மோசடி எதிர்நடவடிக்கை மையம் அமைக்கப்பட்டது. காவல் துறையும், பேங்க் நெகாராவும், தொடர்பு பல்லூடக ஆணையமும், வங்கிகளும், தொலைபேசி நிறுவனங்களும் அதில் இணைந்து செயல்படுகின்றன. அதன் எண் 997. மூன்றே இலக்கங்கள், இப்பொழுதே உங்கள் தொலைபேசியில் பதிந்துகொள்ளுங்கள். வீட்டுச் சுவரில், நாட்காட்டியின் பக்கத்தில், பெரிய எழுத்தில் எழுதியும் வையுங்கள். உங்கள் வங்கியின் மோசடிப் புகார் எண்ணுக்கும் அழைக்கலாம். அது 24 மணி நேரமும் இயங்கும். அதன் பிறகு அருகிலுள்ள காவல் நிலையத்தில் புகார் செய்யுங்கள். வந்த எண், அனுப்பிய செய்தி, பணம் செலுத்திய சீட்டு ஆகியவற்றை அழிக்காமல் எடுத்துச் செல்லுங்கள். பணம் முழுவதும் திரும்பிவிடும் என்று உறுதி கூற இயலாது. ஆனால் விரைந்து சொன்னவருக்கே வாய்ப்பு அதிகம் என்பது உறுதி.

சில நாள் கழித்து, "இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம், சிறு கட்டணம் செலுத்துங்கள்" என்று இன்னொருவன் அழைக்கலாம். அவனும் அதே கூட்டத்தைச் சேர்ந்தவனே என்று எண்ணி விலகிக்கொள்ளுங்கள்.

குடும்பத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். வீட்டில் ஒருவர் ஏமாந்துவிட்டால், "உனக்கு அறிவில்லையா?" என்று ஏசாதீர்கள். அந்த ஏச்சுக்குப் பயந்துதான் பலர் நாட்கணக்கில் மறைத்து வைக்கிறார்கள். முதலில் 997-ஐ அழையுங்கள். மற்றவற்றைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

அன்பார்ந்த தோட்டப் பெருமக்களே! மோசடிக்காரன் நம்மைத் தனிமைப்படுத்திப் பார்க்கிறான். "யாரிடமும் சொல்லாதே" என்பதே அவனுடைய முதல் ஆயுதம். நம்முடைய பலமோ கூடி வாழ்வதில் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் கேட்டால் கொடுப்பதும், துன்பம் என்றால் ஓடி வருவதும் லய வாழ்க்கையில் நாம் கற்றுக்கொண்ட பண்புகள். அப்பண்பை இதிலும் காட்டுங்கள். சந்தேகமான அழைப்பு ஒன்று வந்தால், அதனைக் காலைப் பெரட்டிலும், கோயில் திடலிலும், கூட்டுப் பணம் பிடிக்கும் இடத்திலும் வெளிப்படையாகப் பேசுங்கள். ஒருவருக்கு வந்த அழைப்பு பத்துப் பேருக்கு எச்சரிக்கையாக அமையட்டும்.

இன்று மாலை வீட்டுக்குச் சென்றவுடன் மூன்று காரியங்களைச் செய்யுங்கள். 997 என்னும் எண்ணைச் சுவரில் எழுதுங்கள். குடும்பத்துக்குள் ஒரு கேள்வியைப் பேசி வையுங்கள். தனியாக வாழும் முதியவர் ஒருவரைத் தேடிச் சென்று, "அதிகாரி என்று யார் மிரட்டினாலும் போனை வைத்துவிடுங்கள், பிறகு என்னைக் கூப்பிடுங்கள்" என்று சொல்லி, உங்கள் எண்ணைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.